தெருச்சண்டையில் கராத்தே கைகொடுக்குமா?

கராத்தே பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் பயிற்சியாளர் குழு பதில் சொல்கிறது.

என் மகன் 5 வருஷமாக ஷோட்டோகான் கராத்தே கற்கிறான், பிரவுன் பெல்ட். அவனோடு கல்லூரியில் படிக்கும் பையன் பாக்ஸிங் போகிறான். இருவரும் மொட்டை மாடியில் கிளவ்ஸ் போட்டு மோதிப் பார்த்தபோது என் மகனால் ஒரு குத்தைக்கூடத் தடுக்க முடியவில்லையாம். 'இத்தனை வருஷமும் வீணாப்பா?' என்று கேட்கிறான். என்ன சொல்ல?
– ஒரு தந்தை, செம்பூர்

வீண் இல்லை. ஆனால் பையனின் கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது.

வகுப்பில் அவன் எப்படிப் பழகியிருப்பான் என்று பாருங்கள். எதிரில் நிற்பவர் ஆறடி தள்ளி நின்று, 'ஜோடான்' என்று அறிவித்துவிட்டு, ஓர் அடி முன்வைத்து ஒரே ஒரு குத்து விடுவார். முகத்துக்குத்தான் வருகிறது என்பது முன்பே தெரியும். குத்திய கை நீட்டியபடியே காத்திருக்கும். உங்கள் மகன் பின்னால் நகர்ந்து, ஆகே-உகே (முன்கையை மேலே உயர்த்தும் தடுப்பு) போட்டு, மறுகையை இடுப்புக்கு இழுத்து, நிதானமாகத் திருப்பிக் குத்துவான். பாக்ஸிங் பையன் ஒரு கை தூரத்தில் நிற்கிறான். சொல்லாமல் விடுகிறான். விட்ட கை அதே வேகத்தில் தாடைக்குத் திரும்புகிறது. அது திரும்பும்போதே அடுத்த கை கிளம்பிவிடுகிறது.

கண்ணால் கண்டு உடம்பு அசையத் தொடங்கவே கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும். எந்தக் கை, எந்த இடம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். கை தூரத்திலிருந்து வரும் ஜாப் (முன்கை நேர்க்குத்து) அதற்குள் மூக்கில் பட்டிருக்கும். பெரிய பிளாக் ஒன்றைப் பார்த்துப் போட நேரமே கிடையாது. இது யாருடைய திறமைக்குறைவும் இல்லை.

அப்படியானால் ஆகே-உகே எதற்கு? வலது கையால் அதைப் போடும்போது முதலில் இடது கைதான் முகத்துக்கு முன்னால் எழுகிறது. பிறகே வலது முன்கை அதைக் கடந்து மேலே வருகிறது. இரண்டாவது கைதான் தடுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். நெருக்கத்தில் தடுக்கிற வேலையைச் செய்வது முதல் கை. வரும் குத்தை அது விலக்குகிறது, அப்படியே எதிராளியின் சட்டைக் கையைப் பற்றி இடுப்பை நோக்கி இழுக்கிறது. மேலே எழும் முன்கை அவன் தாடைக்கோ கழுத்துக்கோ போகிறது. இடுப்புக்குப் போகும் கையில் எதிராளி இருக்க வேண்டும். வெறுங்கையாக அதை இடுப்பில் வைத்துக்கொண்டால் முகம் திறந்து கிடக்கும். மொட்டை மாடியில் நடந்தது அநேகமாக அதுதான்.

இதைச் சரிசெய்ய 4 வாரப் பயிற்சி ஒன்று சொல்கிறோம். ஜோடியாக நிற்பவர் 16 அவுன்ஸ் கிளவ்ஸ் அணியட்டும். மகனுக்கு மவுத் கார்டு கட்டாயம். நடுவே ஒரு கை தூரம். முதல் வாரம், ஜோடி இடது கையால் மார்பில் தள்ளிவிட்டு வலது கையை வளைத்து வீச வேண்டும். தெருவில் அதிகம் வருவது நேர்க்குத்தைவிட இந்த வளைவீச்சுதான். பாதி வேகம் போதும். ஆனால் எப்போது என்று சொல்லக் கூடாது, வீசிய கையை உடனே திருப்பிக்கொள்ள வேண்டும். மகன் தாடையை இறக்கி, இரண்டு முன்கைகளையும் முகத்துக்கு முன்னால் வைத்து உள்ளே நுழைய வேண்டும். நுழைந்ததும் வீசிய கையை முழங்கைக்குச் சற்று மேலே பற்றி இழுத்து, மற்ற முன்கையை எதிராளியின் கழுத்தோரம் பதிக்க வேண்டும். 2 நிமிடம் பயிற்சி, 1 நிமிடம் ஓய்வு, இப்படி 4 சுற்று. இரண்டாம் வாரம் தொடர்ந்து இரண்டு வீச்சு. மூன்றாம் வாரம் ஜோடி சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். நான்காம் வாரம் முக்கால் வேகம்.

இதில் கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். வீச்சு வரும்போது கண் மூடிக்கொள்ளும். கால் நேராகப் பின்னால் போகும். போனால் இரண்டாவது வீச்சு பிடித்துவிடும். பழக்கதோஷத்தில் கை இடுப்புக்கு இறங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், ஜோடி இரக்கப்பட்டு எட்டாத தூரத்தில் வீசுவது. எட்டாத குத்தை எத்தனை ஆயிரம் முறை தடுத்தாலும் தடுத்ததாக ஆகாது.

டிவியில் காட்டும் எம்.எம்.ஏ. (பல சண்டைக்கலைகள் கலந்த) போட்டிகளில் எல்லோரும் தாய் பாக்ஸிங், மல்யுத்தம் என்கிறார்கள். கராத்தேக்காரர்கள் யாராவது ஜெயித்திருக்கிறார்களா?
– கல்லூரி மாணவர், முலுண்ட்

ஜெயித்திருக்கிறார்கள். பிரேசிலின் லியோடோ மச்சிடா தந்தையிடம் ஷோட்டோகான் கற்றவர். 2009இல் ரஷாத் எவன்ஸை வீழ்த்தி, எம்.எம்.ஏ. போட்டி அமைப்பான யு.எஃப்.சி.யின் லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். 2011இல் ராண்டி கூச்சரை அவர் முடித்தது, துள்ளி உதைத்த ஒரு மாயேகெரியால் (முன்னுதையால்). முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியன் ஜார்ஜ் செயின்ட்-பியர் சிறுவயதில் கற்றது கியோகுஷின் என்ற கராத்தே வகை. இவர்கள் கராத்தேயோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மச்சிடா ஜியு-ஜிட்சுவும் (பிடித்து மடக்கும் கலை) சூமோவும் பழகினார். இடுப்பைப் பிடித்துத் தூக்க வருபவனை நிறுத்தத் தெரிந்த பிறகுதான் அவரால் தன் தூரத்தில் நின்று கராத்தே ஆட முடிந்தது.

போட்டி விதி எதைத் தடுக்கிறதோ, அதற்கான பழக்கம் உடம்பில் வளராது. புள்ளிக் குமித்தேயில் (புள்ளிக்காக மோதும் கராத்தே போட்டியில்) ஓர் அடி பட்டதும் நடுவர் 'யாமே' என்று நிறுத்துவார். அதனால் தூரத்திலிருந்து பாய்ந்து நுழைவதும், நேரம் பார்ப்பதும் அருமையாக வரும். பிடித்துக்கொண்டால் என்ன செய்வதென்று தெரியாது. கியோகுஷினில் வெறுங்கையால் மார்பிலும், காலால் தொடையிலும் முழு பலத்தோடு அடிக்கலாம். முகத்தில் கையால் குத்தக் கூடாது. அவர்கள் அடி தாங்குவார்கள், தொடை உதை பயங்கரமாக இருக்கும், ஆனால் முகத்தைக் காக்கும் கை தாழ்ந்தே இருக்கும்.

உதைக்கு வலு இல்லை என்று யாராவது சொன்னால் டோக்கியோ ஒலிம்பிக் கராத்தே போட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் சவுதியின் தாரிக் ஹமீதி தலையில் விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். கட்டுப்பாடில்லாத அடி என்று ஹமீதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் கஞ்ச்சாதேவுக்குப் போனது.

வகுப்பில் சொல்லித்தரும் உயர உதைகளைச் சாலையில் பயன்படுத்தலாமா?
– டெலிவரி வேலை செய்யும் வாசகர், தாராவி

வேண்டாம். ஜீன்ஸ் இழுக்கும், செருப்பு வழுக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்த் தரை ஈரம். முழங்கால் உயரத்துக்கு மேல் காலைத் தூக்காதீர்கள். ஷூவோடு இருந்தால் மாயேகெரியை உள்ளங்கால் முழுவதும் படும்படி அவன் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் விடுங்கள். வெறுங்காலில் பழகியபடி விரலை மேல்நோக்கி வளைத்து உதைக்க ஷூ இடம் தராது. விட்ட காலைப் பின்னால் வைக்காமல் முன்னாலேயே இறக்கி, அதே வேகத்தில் விலகிப் போய்விடுங்கள்.

கை முஷ்டி கெட்டியாக மகிவாராவில் (குத்திப் பழகும் பலகையில்) தினமும் குத்துகிறேன். போதுமா?
– வாசகர், ஆன்டாப் ஹில்

மகிவாரா மணிக்கட்டை நேராக வைக்கப் பழக்கும். அது நல்ல பலன். மண்டை ஓட்டைக் குத்துவதற்கு அது உத்தரவாதம் இல்லை. கோபத்தில் வளைத்து வீசும் குத்து பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம் பட்டு, அந்த விரலுக்கு அடியில் உள்ளங்கையில் இருக்கும் எலும்பு, விரல் முட்டிக்குச் சற்றுக் கீழே முறியும். இது மருத்துவர்களுக்கு மிகப் பழக்கமான முறிவு. தலைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியையோ முழங்கையையோ பயன்படுத்துங்கள்; ஷோதேய் (உள்ளங்கை அடி), எம்பி (முழங்கை அடி) எல்லாம் கட்டாவிலேயே, அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசையிலேயே, இருக்கின்றன. முஷ்டியை விலாவுக்கும் வயிற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளியின் பல் பட்டு விரல் முட்டியில் சின்னக் கீறல் விழுந்தால்கூட அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வாயின் கிருமி மூட்டுக்குள் போனால் விரலே முடங்கிவிடலாம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

கட்டா என்பது வெறும் நடனம் என்கிறார்கள். தேவைதானா?
– வாசகர், மாட்டுங்கா

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தே ஆசான் இத்தோசு அங்கோ ஜப்பானின் ஒகினாவாத் தீவுப் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனார். ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்கு வரிசையில் நிறுத்திச் சொல்லித்தர ஏற்ற பினான் கட்டாக்களை அமைத்தவரும் அவர்தான். ஷோட்டோகானில் இவற்றை ஹெய்யான் என்கிறோம். பள்ளிப் பிள்ளைகளிடம் கழுத்தைத் திருகுவதையும் கண்ணில் குத்துவதையும் விளக்கமாகச் சொல்ல முடியாது. அசைவு மட்டும் மிஞ்சியது, அதை எதிராளியோடு பழகும் பாதி பல இடங்களில் விடுபட்டது. நடனம் மாதிரித் தெரிவது இதனால்தான்.

நைஹாஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள், ஷோட்டோகானில் டெக்கி. பக்கவாட்டிலேயே நகரும், கைகள் உடம்பை ஒட்டியே வேலை செய்யும். சண்டைக்காரர் என்று பெயரெடுத்த மோதோபு சோகி மிகவும் போற்றிய கட்டா அது. அதன் தொடக்கத்தில் வரும் முழங்கை அடியைத் தனியாக எடுத்து, ஜோடியின் கழுத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, மறு முழங்கையை பேடில் (அடி வாங்கும் மெத்தையில்) அடியுங்கள். பக்கத்துக்கு 20 முறை, வாரம் இருமுறை. பிறகு பேடு பிடிப்பவர் உதறித் தப்பிக்கப் பார்க்கட்டும். கட்டாவை எத்தனை தெரியும் என்று எண்ணுவதைவிட ஒன்றை இப்படிப் பிரித்துப் பழகுவதுதான் எங்கள் பரிந்துரை.

டோம்பிவ்லியிலிருந்து தினமும் லோக்கலில் வேலைக்குப் போகிறேன். கடைசி ரயிலில் இறங்கி நடைமேம்பாலம் ஏறும்போது யாராவது கையைப் பிடித்தால், முடியைப் பிடித்தால் என்ன செய்வது? எனக்கு 3 மாதக் கராத்தே மட்டுமே தெரியும்.
– வாசகி, டோம்பிவ்லி

3 மாதத்தில் இது வரும், சகோதரி. முதலில் குரல். பிடித்த நொடியிலேயே வயிற்றிலிருந்து கத்துங்கள். வகுப்பில் கியாய் (அடிக்கும்போது போடும் கத்தல்) பழகுவது இதற்கும்தான். ஹிந்தியோ மராத்தியோ, சுற்றி இருப்பவர்களுக்குப் புரியும் மொழியில் 'சோடோ', 'சோடா' (விடு) என்று கத்துவது நல்லது.

மணிக்கட்டைப் பிடித்தால் நேராகப் பின்னால் இழுக்காதீர்கள். பலசாலியோடு இழுபறியில் தோற்போம். அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளிதான் பிடியின் பலவீனம். அவனை நோக்கி அரை அடி நுழைந்து, உங்கள் முழங்கையை அவன் முழங்கைப் பக்கம் கொண்டுபோய், மணிக்கட்டை அந்த இடைவெளி வழியாகத் திருப்பி எடுங்கள். வரவில்லையென்றால் மறுகையால் சொந்த முஷ்டியைப் பிடித்து இரண்டு கையாலும் எடுங்கள். கை விடுபட்ட அதே வீச்சில் உள்ளங்கை அடியை அவன் மூக்குக்கோ தாடைக்கோ விட்டுவிட்டு, ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடுங்கள்.

முடியைப் பிடித்தால் இரண்டு கைகளாலும் அவன் கையைத் தலையோடு அழுத்திக்கொள்ளுங்கள். இழுக்கும் வலி குறையும், தலை உங்கள் வசம் வரும். விலகிப் போகாமல் அவன் பக்கமாக நகர்ந்து, முழங்காலைத் தொடையிடுக்கில் ஏற்றுங்கள். பையை முன்பக்கம் மாட்டியிருந்தால் அதையே அவனுக்கும் உங்களுக்கும் நடுவே தள்ளலாம். ரயிலிலும் நிலையத்திலும் 139, எங்கும் 112.

இதை ஒரு பெண்ணோடு மட்டும் பழகினால் போதாது. உங்களைவிட 20 கிலோ அதிகமுள்ள ஒருவர் உண்மையான பிடியோடு பிடிக்க வேண்டும். முதல் தடவை வராது. வராமல் போவது வகுப்பிலேயே நடந்துவிடட்டும்.

கத்தியோடு வருபவனை ஜூஜி-உகேயால் (இரு கைகளையும் குறுக்கே வைக்கும் தடுப்பால்) தடுக்கலாம் என்று ஒரு வகுப்பில் காட்டினார்கள்.
– வாசகர், சயான் கோலிவாடா

காட்டியவர் கத்தியைப் பிடித்தவரிடம் ஒரே ஒரு குத்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பார். குத்துபவன் ஒரு முறை குத்திவிட்டுக் காத்திருக்க மாட்டான். இழுத்து இழுத்துக் குத்துவான். பர்ஸ், போன் எதுவாயினும் கொடுத்துவிட்டு ஓடுங்கள். சந்தேகமிருந்தால் ரப்பர் கத்தியில் லிப்ஸ்டிக் தடவி, வெள்ளை கீ (கராத்தே உடை) அணிந்து 30 நொடி பழகிப் பாருங்கள். சிவப்புக் கோடுகளை எண்ணினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பிளாக் பெல்ட் வாங்கினால் போலீஸில் பதிய வேண்டுமா? அடித்தால் நம்மேல் வழக்கு வருமா?
– வாசகர், காட்கோபர்

பதிய வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் ஏதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கேடு செய்யக் கூடாது என்பது பிரிவு 37. அவன் விழுந்த பிறகோ ஓடத் தொடங்கிய பிறகோ நீங்கள் விடும் உதை தற்காப்பு ஆகாது. வழக்கு அங்கேதான் உங்கள் பக்கம் திரும்பும்.

மும்பையில் நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு தாய், தாணே

சேர்க்கும் முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் கோப்பைகளைப் பார்க்க வேண்டாம். ஃபோகஸ் பேடும் கிக் ஷீல்டும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பாதுகாப்புக் கியர் போட்டு ஸ்பாரிங் (மோதிப் பழகுவது) உண்டா? ஒரு மாணவர் 'அவன் விடாமல் பிடித்துக்கொண்டால்?' என்று கேட்டால் மாஸ்டர் செய்து காட்டுகிறாரா, அதட்டி உட்கார வைக்கிறாரா? விழவும் எழவும் சொல்லித்தருகிறாரா? கராத்தே வகுப்புகளில் தரைப் பயிற்சி குறைவு. பெரிய பிள்ளையானால் ஆறு மாதம் ஜூடோவோ குஸ்தியோ சேர்த்துக் கற்கட்டும்.

சிறுவர்களுக்குத் தலையில் அடி விழும் ஸ்பாரிங் வேண்டாம். யாருக்காவது தலையில் பட்டு, மயக்கமோ வாந்தியோ குழப்பமோ தெரிந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பும் மாஸ்டரிடம் மட்டுமே பிள்ளையை விடுங்கள். 'தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஆடு' என்கிற இடத்தில் எவ்வளவு கட்டணச் சலுகை தந்தாலும் சேர்க்காதீர்கள்.