முற்றத்தில் வைத்து அறுத்தாரா? அப்போது அது டஃபன்ட் கண்ணாடி இல்லை

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வராண்டா ஸ்லைடிங் கதவின் பழைய கண்ணாடி விரிசல் விட்டதால், தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய ஆள் பக்கியில் (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி) வந்து டஃபன்ட், அதாவது சூட்டில் பதப்படுத்திப் பலமாக்கிய, கண்ணாடி என்று சொல்லிப் புதிதாகப் போட்டிருக்கிறார். ஃபிரேமுக்கு ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருந்ததாம். முற்றத்தில் போர்வையை விரித்து, கட்டரால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தைத் தட்டி எடுத்துவிட்டு, அதே கண்ணாடியைப் பொருத்தினாராம். மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான முத்திரை இல்லையே என்று கேட்டதற்கு "துடைக்கும்போது அழிந்துவிட்டது" என்றிருக்கிறார். ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் ஓடுவார்கள், பயப்பட வேண்டுமா என்பது கேள்வி.

பயப்படத்தான் வேண்டும் அம்மா. உங்களுக்கு வந்தது சாதாரணக் கண்ணாடி.

டஃபன்ட் கண்ணாடியை முதலில் அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, பூட்டுக்கும் கைப்பிடிக்கும் துளை போட்டு முடித்த பிறகுதான் உலைக்குள் விடுவார்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றடிப்பார்கள். மேல்தோல் உடனே இறுகிவிடும், உள்ளே இருப்பது மெதுவாக ஆறி உள்நோக்கி இழுக்கும். அந்த இழுபறியில்தான் சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு பலம் வருகிறது. அதே இழுபறிதான், ஓரிடத்தில் தோல் கிழிந்தாலும் மொத்தக் கண்ணாடியையும் கற்கண்டு போலப் பொடியாக்கிக் கொட்டிவிடுகிறது. கட்டர் ஆழமாக ஒரு கோடு போட்டிருந்தால் உங்கள் போர்வை முழுக்கப் பொடிதான் இருந்திருக்கும். உங்கள் கண்ணாடி சமர்த்தாகக் கோட்டோடு பிரிந்திருக்கிறது. அது உடைந்தால் கத்தி கத்தியாக, நீள நீளமாக விழும்.

ஒரு விலக்கு இருக்கிறது, அதை வைத்து அந்த ஆள் நாளை தப்பிக்கப் பார்ப்பார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேமினேட்டட் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடிதான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே கொட்டாது. இதை வீட்டில் வைத்தும் அறுக்கலாம், அறுக்கும்போது முத்திரை இருந்த மூலையே கழிவில் போய்விடவும் கூடும். "நான் போட்டது அதுதான்" என்று அவர் சொன்னால் சும்மா தலையாட்ட வேண்டாம். லேமினேட்டட் என்றால் முதலில் அடிக் கண்ணாடியில் கோடு, அப்புறம் மேலே கோடு, அதற்கும் மேலே நடுப்படலத்தைத் தனியாக வெட்ட வேண்டும். ஒரே கோட்டில், ஒரே தட்டில் வேலை முடியாது. வெட்டி எறிந்த அந்தத் துண்டு குப்பையில் கிடந்தால் ஓரத்தைப் பாருங்கள். ரொட்டிக்கு நடுவே வெண்ணெய் தடவியது மாதிரி ஒரு கோடு தெரிய வேண்டும். 6.38 என்று கடையில் சொல்வது இதைத்தான்: மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே 0.38 படலம்.

முத்திரை அழிந்துபோனது என்பது சுத்தப் பொய். எஸ்.ஏ.என்.எஸ் 1263 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரப்படி அது அழியாததாக, பொருத்திய பிறகும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் வருகிற ஸ்டிக்கர் முத்திரையே அல்ல. விரலால் தட்டிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்கிற ஆட்களையும் நம்பாதீர்கள், எனக்கே அப்படித் தெரியாது.

இந்த நாட்டில் கதவுக்கும் ஷவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும் என்று எஸ்.ஏ.என்.எஸ் 10400-என் தெளிவாகவே சொல்கிறது. சொல்லி என்ன? சரியான கண்ணாடிதான் போட்டது என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் கண்ணாடி விற்றவரே. கட்டடத்தைப் பரிசோதிக்க வருகிறவர் சாக்கடையைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், குனிந்து கண்ணாடி மூலையைப் பார்த்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு வீட்டில், கண்ணாடி வந்து இறங்கியதற்கு முந்தின வாரத் தேதி போட்ட சான்றிதழையே பார்த்திருக்கிறேன்!

சரி, இனி என்ன செய்வது? கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். உங்களுடையது கீழ்த்தளக் கதவு என்றால் நான் லேமினேட்டட்தான் சொல்வேன். டஃபன்ட் பிள்ளைகளைக் காப்பாற்றும், ஆனால் திருடன் ஓரத்தில் கூர்மையாக ஒன்று போட்டால் மொத்தமும் கொட்டி வழி திறந்துவிடும். கடல் காற்று நேராக வீசும் இடமானால் ஓரங்களை நன்றாக அடைக்கச் சொல்லுங்கள், ஈரம் ஏறினால் படலம் வெண்மையாகப் பூத்துவிடும். ஃபிரேமை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எல்லாவற்றிலும் சிறிய அளவைத்தான் கொடுக்க வேண்டும். முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணம். அதுவரை கதவுக்கு முன்னால் சோபாவை இழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சமையலறை வழியாக வராண்டாவுக்கு அனுப்புங்கள்.