நீலத்தை நீலத்தோடு சேர்க்காதீர்கள்

உங்கள் த்ரீ-பேஸ் பேனலில் சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு வயர்கள். புது மெஷின் கேபிளில் பிரவுன், கருப்பு, சாம்பல், நீலம், பச்சை-மஞ்சள், எதை எதோடு சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நிறத்துக்கு நிறம் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பழைய முறையில் நீலம் ஒரு பேஸ் (மின்சாரம் வரும் வயர்), கருப்பு நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்). புதிய ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) முறையில் நீலம்தான் நியூட்ரல், கருப்பு இரண்டாவது பேஸ், அதாவது அப்படியே தலைகீழ். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் மெஷினின் நியூட்ரலுக்கு பேஸ் போய், 230 வோல்ட் எதிர்பார்க்கும் கன்ட்ரோல் போர்டுக்கு 400 வோல்ட் கிடைக்கும், போர்டு எரிந்துவிடும்.

பிரவுன் சிவப்போடு, மெஷினின் கருப்பு மஞ்சளோடு, சாம்பல் பேனலின் நீலத்தோடு, மெஷினின் நீலம் பேனலின் கருப்போடு. பச்சை-மஞ்சள் எர்த்துக்கு மட்டும். ஆனால் பேனலை யார் எப்படி வயரிங் செய்தார்களோ, அதனால் நிறத்தை நம்பாமல் முதலில் மீட்டரில் பாருங்கள்: இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வர வேண்டும். அப்புறம் மெயினை அணைத்து, பூட்டி, சப்ளை இல்லை என்று மறுபடி சோதித்த பிறகே கை வையுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் தயவுசெய்து லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், மறுபடி அணைத்துவிட்டு ஏதாவது இரண்டு பேஸை மாற்றினால் சரியாகிவிடும். டெர்மினலில் மூன்று பேஸுக்கும் ‘எல்1’, ‘எல்2’, ‘எல்3’, நியூட்ரலுக்கு ‘என்’ (N) என்று எழுதிய ஸ்லீவ் (அடையாள உறை) போட்டுவிடுங்கள்.