எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களா? ஒருமுறை தவறு போட்ட ஆசிரியையின் பதில்

‘எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களே: சரியா, தவறா?’ என்ற வினாவுக்கு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் ‘சரி’ என்று எழுத, ஆசிரியர் அடித்துவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் எழுதியதே சரி. இதே விடையை எழுதிய ஒரு பையனுக்கு நானும் சிவப்பு மையால் தவறு போட்டிருக்கிறேன் என்பதால், உங்கள் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அப்போது காரைக்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அந்தப் பையனின் தந்தை ஆத்தங்குடிக் கல் என்னும் கையால் வார்த்த தரைக்கல்லைப் பதிப்பவர். அதே மாதத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குத் தரை போட அவரே வந்தார். எதிரெதிர்ச் சுவர்கள் இம்மி பிசகாமல் சமமாக இருந்ததைக் கண்டு அறை செவ்வகம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தது. “அறை சாஞ்சிருக்கு டீச்சர்” என்றார். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் இணைகரம், அதனுடன் மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் செவ்வகம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய நான், அதை ஒரு தரையில் பார்த்தது அன்றுதான்.

பிறகு எட்டங்குலக் கல்லை எடுத்து அதையும் மூலைக்கு மூலை அளந்தார். கல் வார்க்கும்போது சட்டம் சற்றே சாய்ந்துவிட்டால் நான்கு பக்கமும் எட்டங்குலமாகவே இருக்கும். ஆனால் கல் சாய்சதுரமாகிவிடும், நான்கைந்து வரிசைக்குள் சந்து பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். நல்ல கல்லுக்கு இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 11.3 அங்குலம் வரவேண்டும். “அறைக்கும் கல்லுக்கும் ஒரே சோதனையா?” என்று கேட்டேன். “நாலு மூலையும் மட்டமா இருக்கணும், அவ்வளவுதானே. நீளமும் அகலமும் ஒண்ணா இருந்தா என்ன, வேற வேறயா இருந்தா என்ன?” என்றார். அவர் மகன் தேர்வில் எழுதியதும் இதைத்தான்: நான்கு செங்கோணம் இருந்தால் செவ்வகம், அத்துடன் நான்கு பக்கமும் சமமாக இருந்தால் சதுரம். அதே கணக்கில், நான்கு பக்கமும் சமம் என்பதால் சதுரம் ஒரு சாய்சதுரமும் ஆகும்.

சிறு குழந்தைகளை இப்படிக் குழப்பலாமா என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். பழங்காலக் கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிடே சதுரத்தை விலக்கித்தானே செவ்வகத்தை வரையறுத்தார் என்பவர்களுக்கும் என் வணக்கம். அவர் அப்படித்தான் செய்தார், ஆனால் இன்றைய கணிதம் அவ்வாறு விலக்குவதில்லை. மேலும், குழந்தைகள் குழம்புவதற்குப் பெரும்பாலும் நாங்களே காரணம்: செவ்வகத்தை எப்போதும் படுத்த வாக்கில் நீளமாகவே வரைகிறோம். சதுரக் கல்லை மூலை மேலாகத் திருப்பிக் காட்டினால் ‘இது டைமண்ட்’ என்று சொல்லும் பிள்ளைகளை நான் வகுப்புதோறும் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரிடம் சண்டை வேண்டாம். ஒரு சதுர அட்டையும் ஒரு துண்டு நூலும் கொடுத்து அனுப்புங்கள்; செவ்வகத்துக்குச் சொன்ன பண்புகளில் எது இதற்குப் பொருந்தவில்லை என்று உங்கள் மகளே பணிவாகக் கேட்கட்டும்.

அந்தப் பையனின் விடைத்தாளில் மறுநாளே ஒரு மதிப்பெண் சேர்த்துக் கையெழுத்திட்டேன். தேர்ச்சி அட்டை அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டிருந்ததால், அதில் பழைய எண்ணே நின்றுவிட்டது.