கிளினிக் தேதி வந்தாலே வயிறு கலங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 53. ஒன்பது ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு). மெட்ஃபோர்மின், கிளிக்லசைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் விரலைக் குத்திப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. மிஸ்ஸி (தாதி) ஏசுவார்களே என்று கிளினிக் தேதிக்கு இரண்டு நாள் முன்பே சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடக்கிறேன். போன முறை எச்பிஏ1சி 9.6. இன்சுலின் ஊசிக்கு மாறச் சொல்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் காலை எடுத்தார்கள். வீட்டில் கணவரும் பிள்ளைகளும் நான் வாயில் வைப்பதையெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். யாரும் இல்லாத நேரத்தில் அழுகிறேன். எனக்கு மனநோயா, டாக்டர்?
- பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது அலுப்புதான். ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாள்கூட லீவு இல்லாமல் மாத்திரை, சோறு, நம்பர் என்று ஓடினால் யாருக்கும் அலுத்துப்போகும். மருத்துவத்தில் இதை நீரிழிவு மன உளைச்சல் என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலன்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1995-லேயே இதை அளந்து பார்க்க ஒரு கேள்விப் படிவம் வெளியிட்டார்கள். சாப்பாட்டில் தவறினால் வரும் குற்ற உணர்வு, பின்னால் என்ன ஆகுமோ என்ற பயம், நோயைக் கவனித்துக் கவனித்தே சோர்ந்துபோவது எல்லாம் அதில் இருக்கின்றன.

அந்த நம்பரைப் பரீட்சை மார்க் போலப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் சீனி 9 (மில்லிமோல்/லிட்டர்) காட்டுகிறது என்று பலர் என்னிடம் வந்து, ஏதோ திருடிவிட்டதைப் போலத் தலைகுனிந்து சொல்வார்கள். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் சேர்ந்திருக்கும் சீனியை இரத்தத்தில் இறக்கிவிடும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தூக்கம் கெட்டாலும், வீட்டில் சண்டை நடந்தாலும் அட்ரினலினும் கார்டிசோலும் கூடி அதே வேலையைச் செய்யும்.

எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரி. கடைசி இரண்டு நாள் பட்டினியால் அதில் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆனால் கிளிக்லசைடு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. சீனி திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரும். மனப் பதற்றத்திலும் இதே அறிகுறிகள் வருவதால் எது எதுவென்று குழம்பிப்போவீர்கள். அப்படி வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குத்திப் பார்க்க வசதி இல்லாத இடத்திலும் முதலில் சீனியைக் குடித்துவிடுங்கள். அந்தப் பட்டினியை மட்டும் இனி வேண்டாம்.

அப்புறம் ஊசி. உங்கள் பெரியம்மா கதையைப் போல நம் ஆட்கள் வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், பல ஆண்டுகள் சீனி ஏறியே கிடந்து கால் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டுப்போகின்றன. புண் வந்தால் வலி தெரியாது, ஆறவும் ஆறாது. ஊசியைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் அந்த நிலையில் ஆரம்பிப்பார்கள். கால் போனதும் பழி ஊசிமேல் விழுந்துவிடும்! பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யூகேபிடிஎஸ் என்ற இனிப்புநீர் ஆய்வின் கணக்குப்படி, நோய் தெரியவரும்போதே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதி போயிருக்கும். அது மேலும் குறைந்துகொண்டேதான் வரும். ஒன்பது ஆண்டு கழித்து மாத்திரை போதாமல் போவது நீங்கள் சரியாக நடந்துகொள்ளாததற்குத் தண்டனை இல்லை. இப்போதைய பேனா ஊசிகள் 4 மில்லிமீட்டர் நீளத்திலேயே கிடைக்கின்றன. விரலில் குத்துவதைவிட வலி குறைவு என்பதுதான் போட்டுக்கொள்கிற பலர் சொல்வது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் பயந்துபோயிருக்கிறார், அந்தப் பயம் கண்காணிப்பாக வெளியே வருகிறது. எனக்குப் புரிகிறது, ஆனால் அதனால் யாருடைய சீனியும் இறங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்கள் மாமாக் கடையில் மறைந்து உட்கார்ந்து ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ‘பசியாறல’ என்பார்கள். அவரிடம் பொதுவாக ‘என்னைப் புரிஞ்சுக்கோங்க’ என்று சொல்லாதீர்கள், அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘இனிமே என் நம்பரைக் கேக்காதீங்க, தட்டைப் பார்க்காதீங்க. அதுக்குப் பதிலா சாயங்காலம் என்கூட அரை மணி நேரம் நடங்க’ என்று ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். (பந்தாய் பெர்சே கடற்கரைப் பக்கம் நடந்தால் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும், அது வேறு சோதனை.) சமையலையும் உங்களுக்கென்று தனியாகச் செய்ய வேண்டாம். சோற்றின் அளவு குறைந்து காய் கூடினால் அது எல்லாருக்கும் நல்லதுதான். தீபாவளி திறந்த இல்லத்தில் ஒரு நெய் உருண்டை சாப்பிட்டால் அதோடு எல்லாம் பாழாகிவிடாது.

மனநோயா என்று கேட்டிருந்தீர்கள். அலுப்பு என்றால் நோயை நினைக்கும்போது வரும், மற்ற நேரத்தில் பேரப்பிள்ளையோ பாட்டோ கோயிலோ கொஞ்சமாவது மனதைத் தொடும். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் எதிலுமே நாட்டம் இல்லாமல் மனம் இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது. தனியாக அழுவதாக எழுதியிருப்பதால் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அரசாங்க கிளினிக்கிலேயே அதற்கான கேள்வித்தாள் உண்டு. யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் மலேசிய சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவித் தொலைபேசி எண் 15555. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த தேதியில் டாக்டர் நம்பரைப் படிப்பதற்கு முன்னால் நீங்கள் பேசிவிடுங்கள்: ‘டாக்டர், எனக்கு அலுத்துப்போச்சு, ஊசின்னா பயமா இருக்கு, பட்டினி கிடந்துட்டு வர்றேன்.’ இதைச் சொன்னால்தான் அவரால் மாத்திரையைச் சரியாக மாற்றவும், இனிப்புநீர்க் கல்வி தரும் தாதியிடம் அனுப்பவும் முடியும். கணவரையும் அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்காரட்டும், பதிலை மட்டும் நீங்களே சொல்லுங்கள்.