மேகமே இல்லாமல் விமானம் ஏன் திரும்ப மேலேறியது?

அண்ணாச்சி, ஆடியில வாகைக்குளத்துல (தூத்துக்குடி விமான நிலையம்) இறங்க வந்த விமானம் தரை தொடாம மேலேறிட்டு, வானம் வெளுத்துக் கிடந்தும் ரேடார் ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேட்டிருக்கீங்க.

வானிலை ரேடார் காற்றைப் பார்க்காது. காற்று சுமந்து வர்ற மழைத்துளியைத்தான் பார்க்கும். துளி நம்மை நோக்கி வருதா, விலகிப் போகுதான்னு ரேடார்ல இருக்குற டாப்ளர் முறை அளக்கும். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே ரெண்டும் எதிரெதிரா தெரிஞ்சா எச்சரிக்கை. அப்படிப்பட்ட இடத்துல முதல்ல எதிர்காற்று விமானத்தைத் தூக்கும், அடுத்த நொடியே பின்காற்று அமுக்கும். 1985-ல அமெரிக்காவுல டாலஸ்ல டெல்டா 191 விமானம் விழுந்தது இதனாலதான்.

அதுக்கப்புறம் நாசா, 1991, 92-ல ஒரு போயிங் 737-ஐ ஆர்லாண்டோ, டென்வர் பக்கம் வேணும்னே இந்தக் காற்றுக்குள்ள ஓட்டி, விமான மூக்குல வச்ச ரேடாரைச் சோதிச்சுது. (என்ன தைரியம்!) ஆர்லாண்டோ ஈரமான ஊர், சிக்னல் நல்லா கிடைக்கும். டென்வர்ல மழை பாதி வழியிலேயே ஆவியாயிரும், அதனால அங்கதான் உண்மையான பரீட்சை.

நம்ம ஆடிக்காத்து அதைவிட மோசம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியா துளியே இல்லாம வருது. ரேடாருக்குப் பிடி கிடைக்காது. தூசியில பட்டுத் திரும்புற லேசர் ஒளியை வச்சு அளக்குற லைடார்தான் அதுக்குத் தோது. விமானி வேகமானி துள்ளுறதைப் பார்த்தே மேலேத்தியிருப்பார்னு நினைக்கேன். அது ஆபத்து இல்ல, முறைப்படி செய்றதுதான். உங்க அப்பாவைப் பயப்படாம டிக்கெட் போடச் சொல்லுங்க. சித்திரை, ஐப்பசி இடிமழை சாயங்காலத்தை மட்டும் தவிர்த்தா போதும்.