பாட்டிக்குத் துணை போகாத பேரன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் ரேடியோதெரபி மற்றும் புற்றுநோய் சிகிச்சையில் மூன்று வருடப் பட்டப்படிப்பு படிக்க ஆசைப்படுகிறான். 65 லட்சம் ஆகும், பார்ட் டைம் வேலையில் பாதியை அடைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். மாமியார் பெயரில் இருக்கும் டோம்பிவிலி வீட்டை அடமானம் வைக்கலாம் என்றிருக்கிறோம். அவருக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு 25 நாள் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்தார்கள். நானும் கணவரும் மாறி மாறி லீவு போட்டுப் பரேல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பையனுக்கு கிளாஸ் இருந்ததால் தொந்தரவு செய்யவில்லை. அனுப்பலாமா?
– ஒரு தாய், சயான், மும்பை.

பதில்: “தொந்தரவு செய்யவில்லை” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 25 நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வாரம். சயானுக்கு அடுத்த மூன்றாவது ஸ்டேஷன் பரேல். ஒரு நாள்கூடவா அவனுக்கு ஒழியவில்லை?

சிகிச்சை அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று மாமியாரையே கேளுங்கள். மேலாடையைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வைத்திருப்பார்கள். தோலில் குத்திய கடுகளவு புள்ளிகள் மீது லேசர் கோடு விழும்வரை உடம்பை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தியிருப்பார்கள். கதிர் பாய்வது ஓரிரு நிமிடம்தான். நேரம் பிடிப்பது இந்தச் சரிபார்ப்புக்கு. இதில் அசட்டையாக இருந்தால் கதிர் நுரையீரலிலோ இதயத்திலோ கூடுதலாகப் படும். நாலாவது வாரம் அக்குள் மடிப்பில் தோல் கறுத்து உரியத் தொடங்கினால், தினமும் அதைப் பார்ப்பவர் கதிர் மெஷினை இயக்கும் டெக்னாலஜிஸ்ட். உங்கள் பையன் படிக்க ஆசைப்படுவது இந்த வேலையைத்தான். வெட்கத்தோடும் வலியோடும் வருகிற வயதான பெண்களைத் தொட்டுத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை. சொந்தப் பாட்டிக்குச் செய்ய வராதது, முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பாட்டிக்கு மட்டும் எப்படி வரும்?

அங்கே அட்மிஷன் நேர்காணலில், கதிர் சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறாயா, என்ன பார்த்தாய் என்று கேட்பது வழக்கம். பதில் ஐந்து வாரம் உங்கள் வீட்டிலிருந்தே போய் வந்துகொண்டிருந்தது. அவனைப் பொத்திப் பொத்தி வைத்தது நீங்கள்.

இது டாக்டராவதற்குப் பின்வாசலும் இல்லை. கதிர் சிகிச்சை டாக்டராக எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. படிக்க வேண்டும். பையனுக்கு இது தெரியுமா?

ஏஜென்ட் கணக்கும் உதவாது. ஸ்டூடன்ட் விசாவில் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இந்தப் படிப்பிலோ பாதிக்குப் பாதி ஆஸ்பத்திரிப் பயிற்சி. அந்த வாரங்களில் முழு ஷிஃப்ட், சம்பளம் கிடையாது. பிறகு எங்கே பார்ட் டைம்? விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் (அங்கத்திய அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்) வருடத்துக்கு 776 பவுண்ட், மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அது 65 லட்சத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள். படிப்பு எச்.சி.பி.சி. (அங்கே இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அது இல்லாமல் அங்கே தெரப்யூட்டிக் ரேடியோகிராஃபர் (கதிர் சிகிச்சை டெக்னாலஜிஸ்ட்) என்று பெயர் போட்டுக்கொள்ளவே முடியாது. திரும்பி வந்தால் இங்கே செல்லுமா என்பதையும், பாடத்திட்டத்தை இணைத்து, இங்கே கதிர் சிகிச்சைப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். அலுவலகம் பக்கத்திலேயே, அணுசக்தி நகரில். ஃபீஸ் கட்டிய பிறகு அல்ல, அதற்கு முன். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் ரேடியோதெரபி டெக்னாலஜியில் பி.எஸ்ஸி. இருப்பதை ஏஜென்ட் சொல்லமாட்டார். அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

இனி வீடு. மாமியாரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அந்த வரியைக் காணோம். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். சிகிச்சை முடிந்த முதல் சில வருடங்கள் மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் உண்டு. நோய் திரும்பினால் அவருக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அதைத் தொடாதீர்கள். உங்கள் நகையும் கணவரின் பி.எஃப். பணமும் எட்டுகிற தூரத்துக்குப் பையன் படிக்கட்டும்.

இன்று ராத்திரி பாட்டியின் ஃபைலை அவன் கையில் கொடுங்கள். மொத்தம் எத்தனை கிரே (கதிரின் அளவு), எந்த மெஷின், எந்தப் பக்கம் என்று படித்து அவனே உங்களுக்குச் சொல்லட்டும். அடுத்த செக்கப் தேதியும் அதில்தான் இருக்கும். அன்றைக்கு நீங்களும் கணவரும் லீவு போட வேண்டாம்.