குறட்டை நின்றுபோகும் அந்த நொடிகள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேன் ஓட்டுகிறார். ராத்திரி பயங்கரக் குறட்டை. திடீரென்று சத்தம் நிற்கும், மூச்சும் இருக்காது, அப்புறம் திணறி இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். காலையில் தலைவலி. பி.பி.க்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. தூக்கம் பற்றவில்லை என்று மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதியை எப்போதாவது போட்டுக்கொள்கிறார். போன வாரம் டோல்கேட் வரிசையில் நிற்கும்போதே கண் அசந்துவிட்டார். "குறட்டை விடுறவன் நல்லாத் தூங்குறான்" என்கிறார் மாமியார். எனக்கோ படுத்தாலே காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. என்ன செய்வது? - ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, இரண்டு விஷயங்களை இன்றைக்கே செய்யுங்கள். அந்தத் தூக்க மாத்திரை இனி அவர் கைக்குப் போகக் கூடாது. சிகிச்சை தொடங்கித் தூக்கக் கலக்கம் தெளியும்வரை வேனை வேறு யாராவது ஓட்டட்டும். பிழைப்பு என்னாவது என்று கேட்பீர்கள், அந்தக் கஷ்டம் புரியாமல் சொல்லவில்லை. ஆனால் நிற்கிற வண்டியிலேயே கண் அசருகிறவருக்கு நாற்கரச் சாலையில் ஓடுகிற வண்டியிலும் அசரும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் என்றே பலமாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க இறங்க மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடும், அவர் திணறி மூச்சை இழுப்பார், உடனே தூங்கிவிடுவார், காலையில் இதில் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. மூச்சு 10 நொடிக்கு மேல் நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 30 என்றால் தீவிரம், அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தை நெரித்து விடுவது போல. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின மாதிரியே இல்லை என்று அவர் சொன்னால் அது பொய்யே இல்லை. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பி.பி.க்கும் காலைத் தலைவலிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா என்றும் பாருங்கள். சர்க்கரை என்று நினைத்துக்கொள்வார்கள், இதனாலும் அப்படி வரும்.

தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளர்த்தி, மூளை எழுப்பிவிடுவதையும் தாமதமாக்கிவிடும். அதனால்தான் முதல் வரியிலேயே சொன்னேன். (தினமும் போடும் பழக்கமாகியிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.)

அவர் தூங்கும்போது நடப்பதைப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான், அவரிடம் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார். ஃபோனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள், மூச்சு நிற்கிற இடம் அதில் வரட்டும். அதை அவருக்கும் மாமியாருக்கும் காட்டிவிட்டு நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் விசாரிக்கலாம். ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடி என்கிற தூக்கப் பரிசோதனை செய்வார்கள். விரலில் கிளிப், மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சில் பெல்ட், மருத்துவமனையில் என்றால் தலையில் ஒட்டுகிற ஒயர்களும் இருக்கும், ஊசி குத்தல் எதுவும் இல்லை. சிலருக்கு வீட்டிலேயே செய்ய முடியும். ஆனால் வீட்டில் செய்து ஒன்றுமில்லை என்று வந்தாலும், இவ்வளவு அறிகுறி இருக்கிறவருக்கு மருத்துவமனையில் ஒருமுறை செய்துவிடுவதுதான் சரி.

நோய் உறுதியானால் பெரும்பாலும் சிபேப் மெஷின் சொல்வார்கள். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய முறை. ஆக்சிஜன் கொடுக்கிற கருவி இல்லை அது, அறையில் இருக்கிற காற்றையே லேசான அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்பித் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். மெஷினுக்கு அடிமையாகிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள், மூக்குக் கண்ணாடிக்கு யாரும் அடிமையாவதில்லையே. முதல் வாரம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பலர் அங்கேதான் கழற்றி மூலையில் வைக்கிறார்கள். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி போட்டுப் பழகட்டும். மாஸ்க் அளவு பொருந்தாவிட்டால் மாற்றிக் கேளுங்கள். வாய் உலர்ந்தால் காற்றை ஈரப்படுத்தும் வசதி இருக்கிறது.

மல்லாந்து படுக்க விடாதீர்கள். பனியன் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டால் தானாக ஒருக்களித்துவிடுவார். எடை கூடுதலாக இருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும், ஆனால் எடை குறையட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் கால். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தொந்தரவு இது, ஆனால் மனப்பிரமை இல்லை. ஓய்வில் ஊர்வதும், நடந்தால் அடங்குவதும், ராத்திரியில் கூடுவதும் கால் நிலைகொள்ளாமை நோயின் அடையாளம். பெண்களுக்கு உடம்பில் இரும்புச்சத்து குறைந்து இது வருவது சகஜம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இருப்பு குறைவாக இருக்கக்கூடும், அதனால் அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள், இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். அவரை டாக்டரிடம் கூட்டிப்போகிற அன்றைக்கே உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.